ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸை வீட்டிலேயே திரும்ப ஏற்றுவது

மாருதி ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பல்பெட்டி, கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. இப்போது வரும் பெரும்பாலான ஃபோர் வீல் வண்டிகளில் அது கியர்பாக்ஸின் பின்முனையில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். ஜிப்சியில் தனிப் பெட்டியாக, மூன்று ரப்பர் மவுண்ட்களில் சேஸிஸிலிருந்து தொங்குகிறது. கியர்பாக்ஸிலிருந்து ஒரு குட்டை ஷாஃப்ட் அதற்குள் சக்தியைக் கொண்டுவரும். அங்கிருந்து முன் ஆக்சிலுக்கு ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சிலுக்கு ஒன்று.

இதனால் கியர்பாக்ஸைத் தொடாமலே பெட்டியை இறக்கிவிடலாம். வீட்டு வாசலில் இந்த வேலையைச் செய்ய முடிவதே இந்த அமைப்பால்தான். ஆனால் திரும்ப ஏற்றும்போது பெட்டியை நேராக நிறுத்தித் தர ஹவுசிங் எதுவும் கிடையாது. ரப்பர்களும், போல்ட்களை நீங்கள் முறுக்கும் வரிசையும்தான் அதன் நிலையைத் தீர்மானிக்கும். ஏற்றிய பிறகு அதிர்கிறது, லீவர் 4எல்-லிருந்து (நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான லோ நிலை) கழன்று விழுகிறது, புது மவுண்ட் ஆறே மாதத்தில் கிழிந்துவிட்டது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தவறவிட்டதால் வருபவை.

சீல், பேரிங் மாற்றி முடித்த பழைய பெட்டியோ, வாங்கி வந்த வேறொரு பெட்டியோ, ஏதோ ஒன்று பெஞ்சில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

பெஞ்சில் இருப்பது எந்தப் பெட்டி?

வாங்கி வந்த பெட்டி என்றால் இதை முதலில் முடித்துவிடுங்கள். 1985-இல் வந்த எம்ஜி410 வண்டிக்கும், 1996-இல் 1.3 லிட்டர் இன்ஜினோடு வந்த எம்ஜி413டபிள்யூ வண்டிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பல் விகிதம் வேறு. 410-இல் ஹை 1.580, லோ 2.511. 413-இல் ஹை 1.409, லோ 2.268. புதுப்பேட்டையிலோ ராணுவ ஏலச் சாமான் விற்பவரிடமோ வாங்கும்போது விற்பவர் சொல்லை நம்ப வேண்டியதில்லை, கையால் எண்ணிப் பார்க்கலாம்.

உள்ளீட்டு ஃபிளேஞ்சிலும் (ஷாஃப்ட்டை போல்ட் போட்டு மாட்டும் தட்டு) பின் வெளியீட்டு ஃபிளேஞ்சிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். லீவரைத் தற்காலிகமாகச் செருகி 2எச்-இல் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் ஹை நிலை) தள்ளுங்கள். உள்ளீட்டை 10 சுற்று சுற்றினால் 413 பெட்டியில் வெளியீடு 7 சுற்றைக் கொஞ்சம் தாண்டும். 410 பெட்டியில் 6 சுற்றும் ஒரு கால் சுற்றுக்குச் சற்று அதிகமும் வரும். லோவில் அதே 10 சுற்றுக்கு 413 நாலரைக்குச் சற்றுக் குறைவாகவும், 410 கிட்டத்தட்ட சரியாக நாலும் கொடுக்கும்.

413 வண்டியில் 410 பெட்டியை ஏற்றினால் அதே வேகத்துக்கு இன்ஜின் 12 சதவீதம் அதிகமாகச் சுற்றும். பெரிய டயர் போட்டவர்கள் வேண்டுமென்றே இதைச் செய்வதுண்டு, மலையேற்றத்துக்கு நல்லது. நெடுஞ்சாலையில் ஓடும் சாதாரண டயர் வண்டிக்கு இது இரைச்சலும் பெட்ரோல் செலவும்தான். இப்படி மாற்றினால் ஃபிளேஞ்சின் அளவும் துளைகளின் இடைவெளியும் உங்கள் ஷாஃப்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பெஞ்சிலேயே வைத்துப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் பழைய பெட்டியின் ஃபிளேஞ்சை மாற்ற வேண்டிவரும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபிறகு இதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவம் அல்ல.

சுற்றிக்கொண்டே நான்கு நிலைகளையும் பார்த்துவிடுங்கள். 2எச்-இல் பின் ஃபிளேஞ்ச் மட்டும் உள்ளீட்டின் வலுவில் சுற்ற வேண்டும். முன் ஃபிளேஞ்ச் ஆயிலின் இழுப்பில் லேசாகத் திரும்பலாம், கையால் பிடித்தால் நிற்க வேண்டும். 4எச்-இல் இரண்டும் சேர்ந்து, ஒரே வேகத்தில். என்-இல் (நியூட்ரல்) இரண்டும் நிற்க வேண்டும். 4எல்-இல் இரண்டும் மெதுவாக. ஒவ்வொரு நிலையிலும் லீவர் "டக்"கென்று உட்கார வேண்டும். அப்படி உட்காரவில்லை என்றால் ஷிஃப்ட் கம்பியைப் பிடிக்கும் குண்டோ ஸ்பிரிங்கோ உள்ளே இல்லை, அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அந்தப் பெட்டியை ஏற்றாதீர்கள்.

ஏற்றுவதற்கு முன் வாங்க வேண்டியவை

ரப்பர் மவுண்ட் மூன்றும் புதிது. ஒன்று மட்டும் கிழிந்திருந்தாலும் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். புது ரப்பரும் தொய்ந்த ரப்பரும் கலந்தால் பெட்டி ஒரு பக்கம் சாயும். உள்ளீடு, முன் வெளியீடு, பின் வெளியீடு ஆகிய மூன்று ஆயில் சீல். லீவரின் அடியில் உட்காரும் பிளாஸ்டிக் சீட். லீவர் ஆடுவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சின்னச் சாமான்தான். ஃபிளேஞ்ச் போல்ட், நட், ஸ்பிரிங் வாஷர் செட். அனபாண்ட் போன்ற சீலண்ட் ஒரு டியூப். ஜிஎல்-4 தரத்தில் 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஒரு லிட்டர். பெட்டி குடிப்பது சுமார் 0.8 லிட்டர். கிரீஸ் கன்.

கருவி என்று பார்த்தால் ஸ்பேனர், பாக்ஸ் செட்டோடு டார்க் ரெஞ்ச், டிராலி ஜாக், நல்ல தரமான நான்கு ஆக்சில் ஸ்டாண்ட், சக்கரத்துக்குக் கட்டை, சாய்வை அளக்கும் ஆங்கிள் கேஜ். கேஜ் இல்லையென்றால் செல்போனில் உள்ள சாய்வு அளக்கும் ஆப் போதும்.

சீல் மாற்றியவர்கள் ஃபிளேஞ்சின் கழுத்தையும் பார்த்திருக்க வேண்டும். பழைய சீலின் உதடு அங்கே ஒரு பள்ளம் அறுத்திருக்கும். நகத்தை ஓட்டினால் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலும் ஒழுகும். சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின் நகர்த்தி, உதடு பள்ளமில்லாத இடத்தில் உட்காரும்படி அடிக்கலாம். முடியாவிட்டால் ஃபிளேஞ்சையே மாற்றுங்கள். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவாமல் ஃபிளேஞ்சை நுழைத்தால் முதல் கிலோமீட்டரிலேயே சீல் உலர்ந்து தேயும்.

பெட்டியின் தலையில் இருக்கும் பிரீதரை (உள்காற்று வெளியேறும் சின்னத் துளை) ஊதிப் பாருங்கள். ஜிப்சிகள் ஓடும் இடம் சேறு என்பதால் அது அடைத்திருப்பது சகஜம். அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தப் புது சீலாக இருந்தாலும் ஆயிலை வெளியே தள்ளும். சீலைக் குறை சொல்லி மறுபடி மறுபடி மாற்றுகிறவர்கள் இதை ஒருமுறை பார்த்தால் போதும்.

வண்டியை நிறுத்துவது

சிமெண்ட் தரை வேண்டும். மண் தரையில் ஸ்டாண்டின் கால் இறங்கும். பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் கழன்றிருக்கும்போது கியர் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது, இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. ஆகவே கட்டை நான்கு சக்கரத்துக்கும். தூக்கி நிறுத்துவதானால் ஸ்டாண்ட் சேஸிஸ் நீளக் கம்பிகளின் கீழே, டிரான்ஸ்ஃபர் மவுண்ட் பிராக்கெட்டிலிருந்து தள்ளி. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

அடியில் போனதும் சேஸிஸில் உள்ள மவுண்ட் பிராக்கெட்களைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல், நீள்வட்டமாகத் தேய்ந்த துளை இரண்டையும் தேடுங்கள். விரிசல் இருந்தால் இன்றைய வேலை வெல்டிங் பட்டறைக்குப் போவதுதான். கியர்பாக்ஸின் ரப்பர் மவுண்டையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அது தொய்ந்திருந்தால் கியர்பாக்ஸின் வால் இறங்கி, நீங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸை எவ்வளவு நேராக வைத்தாலும் குட்டை ஷாஃப்ட்டின் கோணம் கெடும்.

குட்டை ஷாஃப்ட்டைக் கையில் பிடித்து இரண்டு கிராஸையும் (ஷாஃப்ட் முனையில் மடங்கும் மூட்டு) எல்லாத் திசையிலும் மடக்கிப் பாருங்கள். ஒரு இடத்தில் சிக்கினாலோ, துரு நிறத்தில் தூள் உதிர்ந்தாலோ கிராஸை மாற்றிவிடுங்கள். இந்த ஷாஃப்ட் நீளத்தில் சின்னது. ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸ் வேகத்தைக் குறைப்பதற்கு முன்னால் இருப்பதால் 413 வண்டியில் ஹை ரேஞ்சில் பின் புரொப்பல்லரைப் போல 1.4 மடங்கு வேகத்தில் சுழல்கிறது. அதில் உள்ள சின்னக் குறையும் ஸ்டீயரிங்கிலும் தரையிலும் தெரியும்.

தூக்குவது

ஆயில் ஊற்றாமலே பெட்டி 25 கிலோவுக்குக் குறையாது. நெஞ்சில் வைத்துத் தூக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு கையால் போல்ட்டைத் துளைக்குள் தேடும்போதுதான் அந்த யோசனையின் விலை தெரியும். டிராலி ஜாக்கின் தட்டில் ஒரு பலகையை வைத்து, பெட்டியைக் கயிற்றாலோ பெல்ட்டாலோ அதோடு கட்டுங்கள். மூன்று மவுண்ட் கைகளையும் ரப்பர்களையும் பெட்டியில் முன்பே பொருத்திவிடுங்கள், நட்டைக் கையால் மட்டும் திருகி.

ஏற்றும்போது லீவர் உட்காரும் கழுத்து தரையில் உள்ள ஓட்டைக்குள் சரியாக நுழைய வேண்டும். அதற்குப் பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து, கழுத்தை நுழைத்து, பிறகு நிமிர்த்துங்கள். சைலன்சர் குழாய் இடித்தால் அதன் தொங்கு ரப்பரை ஒன்றிரண்டு கழற்றிக் குழாயை இறக்குங்கள், நெம்ப வேண்டாம். ஸ்பீடோமீட்டர் கேபிளும் ஃபோர் வீல் விளக்கின் வயரும் பெட்டிக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் ஒருவர் மேலிருந்து பிடித்துக்கொள்வது நல்லது.

முறுக்கும் வரிசை

மூன்று மவுண்ட் போல்ட்களையும் நுழைத்து, நட்டை நான்கைந்து மரை ஏறும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். ரப்பர் ஆடவேண்டும். ஜாக்கியைக் கொஞ்சமாக இறக்கி எடையை ரப்பருக்குக் கொடுங்கள், முழுவதும் எடுத்துவிட வேண்டாம்.

இப்போது குட்டை ஷாஃப்ட்டை மாட்டுங்கள். கழற்றும்போது போட்ட அடையாளக் கோடுகள் ஒன்றையொன்று பார்க்கட்டும். அடையாளம் போடாமல் கழற்றியிருந்தால் ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் இரண்டு காதுள்ள கவை) ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்; ஒரு முனையின் காது மேல்கீழாக நிற்கும்போது மறுமுனையின் காதும் மேல்கீழாக நிற்க வேண்டும். நான்கு போல்ட்டையும் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். எம்8 போல்ட் என்றால் 25 நியூட்டன் மீட்டர், எம்10 என்றால் 50 என்பது 8.8 தரப் போல்ட்டுக்கு ஏற்ற அளவு. உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே முடிவு. போல்ட்டின் தலையில் 8.8 என்ற எண்ணாவது இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் எண்ணே இல்லாமல் கிடைக்கும் போல்ட்டை இந்த இடத்தில் போட வேண்டாம்.

ஷாஃப்ட் மாட்டியதும் பெட்டி தன் இடத்தை ஓரளவுக்குத் தானே தேடிக்கொள்ளும். இங்கேதான் கோணத்தை அளக்க வேண்டும். கியர்பாக்ஸ் பின்முனையின் இயந்திரத்தில் சமமாகக் கடைந்த முகத்தில் கேஜை வைத்து ஒரு அளவு எடுங்கள். டிரான்ஸ்ஃபர் உள்ளீட்டு ஃபிளேஞ்சின் முகத்தில் இன்னொரு அளவு. இரண்டும் ஒரு டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். ஒத்திருந்தால் இரு கிராஸின் கோணமும் சமமாகி, ஒன்று உண்டாக்கும் வேக ஏற்றத்தாழ்வை மற்றது சரிக்கட்டிவிடும். இல்லாவிட்டால் தேவையான மவுண்ட்டின் அடியில் தட்டை வாஷர் வைத்து உயர்த்துங்கள். பக்கவாட்டில் பார்க்க, மேலிருந்து கீழே ஷாஃப்ட்டை நோக்கி ஒரு நேர்க்கம்பியைப் பிடித்தாலே போதும். கண்ணுக்குத் தெரியும் கோணல் இருந்தால் போல்ட் துளையின் இடைவெளியில் பெட்டியை நகர்த்தலாம்.

கோணம் சரியான பிறகே மவுண்ட்களை இறுக்குங்கள். ஜாக்கியை முழுவதும் இறக்கிவிட்டு, பெட்டி தன் எடையில் தொங்கும்போது. ஒரு மவுண்ட்டை முதலிலேயே முறுக்கிவிட்டு மற்ற இரண்டையும் கடப்பாரையால் நெம்பித் துளைக்குக் கொண்டுவந்தால், அந்த ரப்பர் ஓய்வில் இருக்கும்போதே முறுக்கிக்கொண்டு நிற்கும். முதல் கியரில் லோ போட்டுப் பாறை ஏறும்போது அதுதான் முதலில் கிழியும்.

முன், பின் புரொப்பல்லர் ஷாஃப்ட்கள் பிறகு. வழுக்கி நீளும் ஸ்பிளைனில் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது தடவி, அங்கேயும் யோக்குகளின் நேரைப் பாருங்கள். நிப்பிள் உள்ள கிராஸ்களுக்கு எல்லாம், நான்கு சீலிலும் கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அடியுங்கள். கடைசியாக இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் பிறகு தளர்ந்ததா என்று படுக்காமலே டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

கேபிள், ஆயில், லீவர்

ஸ்பீடோ கேபிளின் சதுர முனை பினியனுக்குள் உட்கார்ந்ததை உறுதி செய்துகொண்டு நட்டைத் திருகுங்கள். உட்காராமல் திருகினால் உள்கம்பி முறுக்கி அறுந்துவிடும். கூர்மையான வளைவு வேண்டாம். விளக்கு சுவிட்சின் வயரைச் செருகி சைலன்சரிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

ஆயில் ஊற்றுவதற்கு வண்டி மட்டமாக இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் ஸ்டாண்டில் இருந்தால் அளவு பொய். டிரெயின் பிளக்கின் மரையில் சீலண்ட் தடவி இறுக்கி, மேல் பிளக் வழியாகக் கை பம்பாலோ குழாய் வைத்த பாட்டிலாலோ விடுங்கள். துளையின் கீழ் விளிம்பில் ஆயில் எட்டி வழியும்போது நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கியர்பாக்ஸ் பக்கமும் ஷாஃப்ட்டைக் கழற்றியிருந்தீர்கள் என்றால் கியர்பாக்ஸ் ஆயில் அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

லீவர் உள்ளே இருந்து மாட்டப்படும். உருண்டையில் கிரீஸ், புது பிளாஸ்டிக் சீட், மேல் மூடியை விரல்களால் கீழே அழுத்தித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். ரப்பர் பூட்டைப் போடுவதற்கு முன் நான்கு நிலைக்கும் தள்ளிப் பாருங்கள். 4எல்-இல் லீவர் தரையின் ஓட்டை விளிம்பைத் தொட்டால் பெட்டி உயரத்திலோ பக்கவாட்டிலோ சரியாக இல்லை என்று பொருள். விளிம்பை அறுத்து வழி பண்ணுவதைவிட மவுண்ட்டைத் திரும்பப் பார்ப்பதே சரி.

ஓட்டிப் பார்ப்பது

வண்டி தரையில் நிற்கும்போதே ஒரு சோதனை செய்யலாம், ஜிப்சியில் இது மிகவும் பயன்படும். கை பிரேக், கட்டை போட்டு, டிரான்ஸ்ஃபர் லீவரை என்-இல் வைத்து, கியர்பாக்ஸை நாலாவது கியரில் போட்டுக் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். நாலாவது கியர் நேர் இணைப்பு என்பதால் கியர்பாக்ஸ் பற்களின் சத்தம் குறைவாக இருக்கும், குட்டை ஷாஃப்ட் இன்ஜின் வேகத்திலேயே சுழலும். 2,500 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள். இப்போது வரும் அதிர்வு குட்டை ஷாஃப்ட்டுடையது. கரகரப்பு என்றால் உள்ளீட்டு பேரிங் அல்லது கவுண்டர் கியர். இங்கே அமைதியாக இருந்து சாலையில் மட்டும் சத்தம் வந்தால் வெளியீட்டு பேரிங், புரொப்பல்லர், டிஃப்ரன்ஷியல் என்று தேடுங்கள். ஒரு மெல்லிய ஊளைச் சத்தம் மட்டும் எப்போதும் இருக்கும். ஹை ரேஞ்சிலும் சக்தி பற்களின் வழியாகவே போகும் பெட்டி இது, அதைப் பழுது என்று நினைத்துப் பிரிக்காதீர்கள்.

ஸ்டாண்டில் வைத்து 4எச் சோதிப்பதானால் நான்கு சக்கரமும் தரையை விட்டு எழுந்திருக்க வேண்டும். பின்பக்கத்தை மட்டும் தூக்கி 4எச் போட்டால் முன் சக்கரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

சாலையில் முதலில் 2எச் மட்டும். 4எச், 4எல் இரண்டையும் மண்ணிலோ புல்லிலோ பாருங்கள். ஜிப்சியில் நடு டிஃப்ரன்ஷியல் கிடையாது. காய்ந்த தாரில் ஃபோர் வீலில் வளைத்தால் முன்னும் பின்னும் வேறு தூரம் ஓடி ஷாஃப்ட்கள் முறுக்கிக்கொள்ளும், லீவரும் பிறகு வெளியே வராது. அப்படி மாட்டினால் ஸ்டீயரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழும். 4எல் போடுவது வண்டி நின்றபின், கிளட்ச் மிதித்து.

4எல்-இல் சுமை ஏறும்போது லீவர் என்-க்குத் துள்ளினால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் மவுண்ட்டைப் பாருங்கள். ஒருவர் கிளட்ச்சை மெல்ல விட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்துப் பார்க்கட்டும், அடியில் போகக் கூடாது. பெட்டி உருண்டு எழும்பினால் ரப்பரும் முறுக்கிய வரிசையும்தான் காரணம். பெட்டி அசையாமலே துள்ளினால் ஷிஃப்ட் ஃபோர்க்கும் ஸ்லீவும் தேய்ந்துவிட்டன.

ஆக்சிலரேட்டரை விடும்போதும் மிதிக்கும்போதும் "டொக்" என்று கேட்டால் பெரும்பாலும் ஃபிளேஞ்ச் போல்ட் ஒன்று உட்கார்ந்து தளர்ந்திருக்கும். 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா ஃபிளேஞ்ச், மவுண்ட் போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி பார்த்துவிடுங்கள். பெட்டி மாற்றியிருந்தால் ஸ்பீடோவின் ஓட்டத்தைச் சாலையோரக் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிடுங்கள். பழைய சாமான் கடைப் பெட்டியாக இருந்தால் 500 கிலோமீட்டரில் ஆயிலை இறக்கி வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். வெள்ளி நிறத்தில் நுண்தூள் இருந்தால் பரவாயில்லை. நகத்தால் எடுக்கும் அளவுக்குச் சில்லு இருந்தால் பேரிங்கோ பல்லோ போய்க்கொண்டிருக்கிறது. ஆயில் பால் போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, பிரீதரிலிருந்து தேடத் தொடங்குங்கள்.